பகலில் சொன்ன கதை

வெயில் கிடுகு வேலிக்கு மேலே ஏறிவிட்டது. கஞ்சிக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு மகாதேவி பாயருகே குந்தியிருந்தாள். பாயில் கிடந்தவள் நாகேஸ்வரி. மகாதேவியின் புருசனுடைய தம்பி மகள். எட்டு வயது கழிந்துவிட்டது. பார்த்தால் ஆறு என்பார்கள். மூன்று நாள் காய்ச்சல் நேற்றுப் பின்னேரந்தான் விட்டது. காய்ச்சல் விட்டதே தவிர, பிள்ளை வாய் திறக்கவில்லை. வயிற்றுக்குள் ஏதும் போகாவிட்டால் மருந்தால் பிரயோசனமில்லை என்று ஆஸ்பத்திரி அப்போதிக்கரி சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஒரு மிடறு குடியனை, என்ரை குஞ்செல்லே…"

"வேண்டாம்."

"பனங்கட்டி தாறன்."

"வேண்டாமெண்டுறன் பெரியம்மா!"

"அப்ப என்னதான் வேணும் உனக்கு? சொல்லித் துலையன்!"

பிள்ளை கூரையைப் பார்த்தது.

"கதை சொன்னால் குடிப்பன்."

மகாதேவி கோப்பையைக் கீழே வைத்தாள்.

அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வீட்டு ஆம்பிளை கடலில் நிற்கும்போது பகலில் கதை சொல்லக் கூடாது. சொன்னால் கடலில் நிற்பவனுக்குத் திசை மாறும், கரை தெரியாது. வள்ளம் கரையேறி, விளக்கும் வைத்த பிறகுதான் 'ஒரு ஊரிலை' என்று வாய் திறக்கலாம். இதை யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத காரணத்தால்தான் ஒருவரும் மீறுவதில்லை.

மகாதேவியோ ஒன்பது வருசமாக விளக்கு வைத்த பிறகுகூட வாய் திறந்ததில்லை.

"எனக்குக் கதை தெரியுமெண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

"பள்ளிக்கூடத்துப் பெட்டையள். முந்தி இந்த ஒழுங்கையிலை இருக்கிற பிள்ளையள் எல்லாம் உங்களிட்டைத்தான் கதை கேக்க வாறதாம். பிறகு ஒருநாள் பகலிலை கதை சொல்லி என்ரை ஐயாவைச் சாகக் குடுத்திட்டியளாம்…" பிள்ளை முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தது. "மெய்யே பெரியம்மா?"

குழந்தை கேட்டால் கத்தி மாதிரித்தான் கேட்கும். அதற்கு உறை கிடையாது.

"கஞ்சி ஆறுது. குடி."

"சொன்னால் குடிப்பன்."

மகாதேவி பிள்ளையின் தோள்பட்டையைப் பார்த்தாள். எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. படலைக்கு வெளியே, பனைகளுக்கு அப்பால் கடல் கிடந்தது. அதில் அவளுடைய புருசன் முத்துக்குமாரு நின்றான். விடியப்புறம் போனவன், பத்து மணிக்குள் வந்துவிடுவான். ஒரு பக்கத்தில் கடலில் புருசன், மறுபக்கத்தில் பாயில் பிள்ளை. அவள் யோசித்தாள். கனநேரம் யோசித்தாள் என்று சொன்னால் பொய்.

"உப்புக்கு ஒருக்கால் கலியாண ஆசை வந்ததாம்…" என்று தொடங்கினாள்.

பொம்பிளை யார் என்றால் மழை. உப்பு மழையைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றதாம். 'அவள் தொட்டால் நீ கரைஞ்சு போவாய்' என்று ஊர் முழுக்கச் சொல்லியும் கேட்கவில்லையாம். கலியாணம் பேசப் போன தரகர் நண்டார். வெற்றிலைத் தட்டத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மழை வீட்டுக்கு என்று வெளிக்கிட்டார். ஆனால் அவர் நடக்கிறது பக்கவாட்டில் அல்லவா? போய் ஏறினது வெயில் வீட்டில்! வெயிலுக்கும் உப்புக்கும் சம்பந்தம் பேசி, தட்டத்தையும் மாற்றிப்போட்டு வந்துவிட்டார்…

"அப்ப உப்பு கரையேல்லையோ?"

"எங்கை கரையிறது? வெயிலைக் கட்டினபடியாலைதானே இண்டைக்கும் உப்பு உப்பாய் இருக்குது! வாயைத் திற."

பிள்ளை ஒரு கோப்பைக் கஞ்சியையும் குடித்துவிட்டது. நண்டார் நடந்த நடையை மகாதேவி இரண்டு கையையும் விரித்து நடந்து காட்டியபோது, பிள்ளை பாயில் எழுந்திருந்து கலகலவென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு கிணற்றடி வரைக்கும் போயிற்று.

கிணற்றடியில் நின்றவள் பிள்ளையைப் பெற்ற கமலாவதி. வாளியைக் கயிற்றோடு விட்டுவிட்டு ஓடி வந்தாள். கை விரித்தபடி நின்ற மகாதேவியைக் கண்டாள்.

"என்னக்கா செய்யிறியள்? அத்தான் கடலிலை நிக்கிறார்! விடிஞ்ச பகலிலை என்ன செய்யிறியள்?"

"பிள்ளை கஞ்சி குடிச்சிட்டுது கமலா…"

"கஞ்சியோ! ஒருத்தரைக் கொண்டது காணாதெண்டு மற்றவரையும் கொல்லப் பாக்கிறியளோ? ஐயோ… இந்த வீட்டுக்கு வந்த மூதேவி!"

மகாதேவி கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக் குசினிக்குள் போனாள். சொல்ல வேண்டிய மறுமொழி எது என்று அந்த வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். ஒருத்தி அவள். மற்றவள் கமலாவதி.

நடந்தது இதுதான். அறுபத்து மூன்றாம் ஆண்டு, ஒரு வைகாசி மாதம். கமலாவதி எட்டு மாதக் கர்ப்பிணி. அவளுடைய புருசன் பஞ்சலிங்கம் சின்ன வள்ளத்தில் தனியாகத் தூண்டிலுக்குப் போயிருந்தான். முத்துக்குமாரு அந்த நாளில் இன்னொருவருடைய கரைவலையில் கூலிக்கு நின்றான். விளக்கு வைக்கும்வரை பொறுக்காமல், பட்டப்பகலில் ஒழுங்கைப் பிள்ளைகள் நாலைந்து பேர் மகாதேவியைத் தேடி வந்தார்கள். அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அழுது சிணுங்கின. வயிற்றுப் பிள்ளைக்காரி; பிள்ளைகளைக் கண்டால் மனம் இளகும் காலம். கமலாவதி ஒரு கதையைச் சொல்லிவிட்டாள். மகாதேவி துணியோடு திரும்பி வந்தபோது கதை முடிவுக்கு வந்துவிட்டது.

வள்ளம் அன்றைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு துடுப்பு மட்டும் வேறு ஊர்க் கரையில் ஒதுங்கிற்று.

அப்போது பக்கத்து வளவுத் தங்கமுத்து வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள். "உங்கடை வளவுக்குள்ளை அண்டைக்குப் பட்டப்பகலிலை கதைச் சத்தம் கேட்டதெல்லே! என்ரை ரெண்டு காதாலையும் கேட்டனான்." மாமனார் தம்பிஐயா, பஞ்சலிங்கத்தின் தகப்பன், முற்றத்தில் நின்று, "ஆர் சொன்னது?" என்று கேட்டார். கமலாவதியின் முகம் சாம்பலாய்ப் போயிற்று. வயிற்றில் பிள்ளை, புருசன் பிரேதம்கூடக் கிடைக்கவில்லை, இதற்குமேல் 'புருசனைத் தின்றவள்' என்ற பெயர். அதோடு அவள் கிணற்றில் விழுவாள் என்பது மகாதேவிக்குத் தெரியும்.

"நான்தான் மாமா சொன்னனான்."

பிள்ளைகளை ஒருவரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்கள். அன்று கமலாவதி மகாதேவியின் காலைக் கட்டிப்பிடித்து அழுதாள். வயிற்றுப் பிள்ளைமேல் சத்தியம் வாங்கி அவள் வாயை மூட வைத்தவள் மகாதேவிதான்.

ஆனால் அழுகையை நம்பி ஒன்றும் எழுதி வைக்க முடியாது. முதல் வருசம் கமலாவதி அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டாள். இரண்டாம் வருசம் பார்க்கப் பயப்பட்டாள். மூன்றாம் வருசம் வெறுக்கத் தொடங்கிவிட்டாள். கெடுதல் செய்தவனை மனுசன் மன்னித்துவிடுவான். தனக்காகக் கெட்டுப்போனவளைத் தினமும் குசினியில் காண்பதுதான் தாங்கமுடியாதது. மகாதேவிக்குப் பிள்ளை இல்லாததும் வசதியாய்ப் போயிற்று. பாவத்தின் பலன் என்று ஊர் சொன்னது, கமலாவதியும் சொன்னாள். தம்பிஐயா மூத்த மருமகளோடு முகம் கொடுத்துக் கதைப்பதை நிறுத்திவிட்டார். முத்துக்குமாரு ஒரு சொல்லும் ஏசவில்லை. ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவளுக்கு மிஞ்சியது நாகேஸ்வரி ஒன்றுதான். குளிப்பாட்டுவது, தலை வாரி இழுப்பது, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவள். பெற்றவள் பிள்ளையைத் தொட்டாலே புருசன் நினைவு வந்து ஒதுங்கிவிடுவாள்.

பத்து மணியாயிற்று. வள்ளம் வரவில்லை. மற்ற வள்ளங்களும் இரண்டொன்றைத் தவிர வரவில்லை. ஆனால் அதை யார் எண்ணிப் பார்க்கிறார்கள்? பதினொரு மணிக்குத் தங்கமுத்து வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன கமலா, அத்தான் இன்னும் வரேல்லையோ? காலமை உங்கடை வளவுக்குள்ளை ஒரே சிரிப்பும் கும்மாளமுமாய்க் கிடந்தது…"

"கேளுங்கோ தங்கமுத்தக்கா! நான் வாயாலை சொல்லமாட்டன்! உவவையே கேளுங்கோ!"

தம்பிஐயா கரையிலிருந்து வந்தார். விசயம் காதில் விழுந்துவிட்டது. முற்றத்து நடுவில் நின்று, மருமகளைப் பார்க்காமல், முருங்கை மரத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சொன்னதோ?"

"ஓம் மாமா. பிள்ளை சாப்பிடேல்லை. சொன்னனான்."

"தெரிஞ்சுகொண்டு?"

"தெரிஞ்சுகொண்டுதான்."

"அப்ப இனி இந்த வளவு உனக்குச் சரிவராது. பெட்டியைக் கட்டு. மாதகலிலை உன்ரை அண்ணன் இருக்கிறான். பின்னேர பஸ்ஸுக்குப் போ."

நாகேஸ்வரி பாயிலிருந்து இறங்கி ஓடி வந்து பெரியம்மாவின் சீலையைப் பிடித்தது. "பெரியம்மா போகேலாது! நான்தான் கேட்டனான்! அப்பு, நான்தான் கேட்டனான்!" கமலாவதி பிள்ளையை இழுத்தாள். பிள்ளை பிடியை விடவில்லை. சீலைக் கரை கிழிந்தது.

"விடு குஞ்சு," என்றாள் மகாதேவி. "கஞ்சி குடிச்சனீயெல்லே. அது காணும்."

றங்குப் பெட்டிக்குள் வைக்க அவளிடம் அதிகம் இருக்கவில்லை. நாலு சீலை, ஒரு சீப்பு, தாயின் வெள்ளிக் குங்குமச் சிமிழ். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் பஸ் ரோட்டுப் பக்கம் போகவில்லை. கரைக்குப் போனாள். புருசன் வந்ததைக் கண்ணால் கண்டபிறகு போவது என்று நினைத்தாள். வராவிட்டால் அந்தக் கரையை விட்டு எழும்பப்போவதில்லை.

கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கூடுவதற்கு ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மகாதேவி பெட்டியை மணலில் வைத்து அதன்மேல் இருந்தாள். ஒரு காற்று இல்லை. கடல் தாம்பாளம் மாதிரிக் கிடந்தது.

"பாருங்கோவன், கல்லுப்போலை இருக்கிறதை!" என்று தங்கமுத்து கன்னத்தில் கை வைத்தாள். "ஒரு சொட்டுக் கண்ணீர் வருதோ? தம்பியைத் திண்டாச்சு. இப்ப தமையன். நானெண்டால் நாண்டுகொண்டு செத்திருப்பன்!"

மகாதேவி கடலைப் பார்த்தபடி இருந்தாள்.

கமலாவதி மீன்வாடிக் கொட்டிலின் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றாள். பெட்டியைப் பார்த்தாள். பெட்டிமேல் இருந்தவளின் நரைத்த கொண்டையைப் பார்த்தாள். முப்பத்தாறு வயதில் நரை. தங்கமுத்துவின் வாய் ஓயவில்லை. ஒவ்வொரு சொல்லும் கமலாவதிக்குப் பழக்கமான சொல். இன்று காலை வரைக்கும் அவளே சொன்னவைதான். வேறொரு வாயிலிருந்து கேட்கும்போதுதான் அவை யாருக்கு உரியவை என்று அவளுக்கு உறைத்தது.

"நிப்பாட்டுங்கோ!"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அக்கா ஒருத்தரையும் தின்னேல்லை! அண்டைக்குக் கதை சொன்னது நான்… நான்தான்! அவ கிணத்தடியிலை நிண்டவ. என்ரை வயித்துக்காக, என்ரை மானத்துக்காகப் பழியைத் தன்ரை தலையிலை போட்டவ… நான் ஒன்பது வருசமாய் அவவின்ரை கைச் சோத்தைத் திண்டுகொண்டு அவவையே ஏசினனான்! என்ரை புருசனைக் கொண்டது நானெல்லே! ஐயோ, நானெல்லே!"

மணலில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். மகாதேவி எழும்பிப் போய் அவளுடைய இரண்டு கையையும் பிடித்தாள்.

"விசரி! ஏனடி இப்ப இதைச் சொன்னனீ? இவ்வளவு நாளும் காத்ததெல்லாம் மண்ணாய்ப் போச்சுதே!"

"எனக்கு ஏலாதக்கா… இனி ஏலாது…"

தங்கமுத்து உடனே கமலாவதி பக்கம் திரும்பினாள். "அட பாவி! கட்டின புருசன் கடலிலை நிக்க, அள்ளி அள்ளிக் கதை சொல்லியே…"

"வாயைப் பொத்து தங்கமுத்து!"

தம்பிஐயா. கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் நிழலில் இருந்தவர், எழும்பி வந்தார். எழுபது வயது. முன்னே வந்து நின்றவர் கமலாவதியையும் பார்க்கவில்லை, மகாதேவியையும் பார்க்கவில்லை.

"கதை கேட்டு வள்ளம் தாழுமெண்டால் இந்தக் கடலிலை ஒரு வள்ளமும் மிதவாது."

அவர் கடலைப் பார்த்துச் சொன்னார்.

"அண்டைக்கு விடியப்புறம் பஞ்சலிங்கம் என்னட்டை வந்தவன். 'ஐயா, அடிப்பலகைப் பொருத்தாலை தண்ணி வருது. கரையிலை ஏத்திப் பஞ்சு வைச்சு அடைச்சுப்போட்டு நாளண்டைக்குப் போறன்' எண்டான். நான் போய்ப் பலகையைத் தொட்டுப் பாத்தனோ? இல்லை. 'பொஞ்சாதியின்ரை முந்தானைக்குள்ளை கிடக்கச் சாட்டுத் தேடுறாய். ஆம்பிளையெண்டால் போ' எண்டனான். அவன் வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போட்டான்." கிழவர் தங்கமுத்துவைக் கைகாட்டினார். "பிறகு இவள் தங்கமுத்து வந்து கதை, கதை எண்டாள். அதைக் கேட்டவுடனை எனக்கு மூச்சு வந்தது. அப்பாடா, நானில்லை எண்டு. பிடிச்சுக்கொண்டன். இண்டைக்கு வரைக்கும் விடேல்லை."

மகாதேவி கமலாவதியின் கையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவள் குரல் உயரவில்லை.

"மாமா… தெரிஞ்சுகொண்டே என்னோடை முகம் குடுத்துக் கதையாமல் இருந்தனீங்கள்?"

"ஓம்."

"இண்டைக்குக் காலமை என்னைப் போகச் சொல்லேக்கையும் தெரியும்?"

"தெரியும்."

"ஒருநாள்கூட மனம் குத்தேல்லையோ?"

"குத்தினதாலைதான் முகம் பாக்கேல்லை."

அவர் தோளிலிருந்த துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்தது வியர்வையா என்று ஒருவருக்கும் தெரியாது. மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தச் சொல் அவருக்குப் பழக்கமில்லை. மகாதேவியும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவள் கேட்டது அவ்வளவுதான்.

உச்சி சாய்ந்த பிறகு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அதன் பின்னால் இன்னும் மூன்று. பாயைச் சுருட்டி வைத்துவிட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டு வந்தார்கள். முத்துக்குமாரு வள்ளத்திலிருந்து குதித்து, "காத்து விழுந்திட்டுது. வலிச்சு வலிச்சுக் கை விட்டுப் போச்சு," என்று சொல்லிக்கொண்டு வந்தவன், கூடியிருந்த சனத்தைக் கண்டு நின்றான். மணலில் கிடந்த பெட்டியைக் கண்டான்.

"எங்கை போறாய்?"

யாரோ இரண்டு பேர் அவனுக்கு முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்கள். அவன் கேட்டு முடித்தான். கடலில் வெந்த முகம். அதில் ஒன்றையும் படிக்க முடியாது.

"என்னட்டையாவது ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?" என்றான்.

"நீங்கள் ஒருக்காலாவது கேட்டிருக்கலாமெல்லே?" என்றாள் மகாதேவி.

அவன் குனிந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். பஸ் ரோட்டுப் பக்கம் போவதா வீட்டுப் பக்கம் போவதா என்று அவளைப் பார்த்து நின்றான். முடிவு அவளுடையது என்று அந்தப் புருசனுக்கு அப்போதாவது விளங்கியதே, அது பெரிய விசயம்.

மகாதேவி ரோட்டுப் பக்கம் பார்த்தாள். மாதகலில் அண்ணன் வீடு இருக்கிறது. அங்கே அவளை ஒருவரும் மூதேவி என்று சொல்லப்போவதில்லை.

"பிள்ளைக்கு மத்தியான மருந்து குடுக்கேல்லை," என்றாள். வீட்டுப் பக்கம் நடந்தாள்.

படலையைத் திறந்ததும் நாகேஸ்வரி ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. மருந்தையும் குடித்தது, குழைந்த சோற்றுப் புக்கையும் தின்றது. வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கதை சொல்லுங்கோ," என்றது.

கமலாவதி முற்றத்து ஓரத்தில், வேற்று வீட்டில் நிற்பவள் மாதிரி நின்றாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"அம்மாட்டைக் கேள்," என்றாள் மகாதேவி.

"அக்கா, வேண்டாம்… எனக்கு இனி வராது…"

"இஞ்சை வந்து இரு கமலா."

"இப்பவும் பகலெல்லே அக்கா. எத்தினை பேர் கடலிலை…"

"ஓம், பகல்தான். அண்டைக்கு நான் துணியோடை வரேக்கை கடைசித் துண்டு கேட்டனான். நல்லாய்த்தான் சொன்னனீ."

கமலாவதி அப்படியே குந்திவிட்டாள். ஒன்பது வருசத்தில் ஒருவரும் அவளுக்கு அதைச் சொன்னதில்லை. வாயைச் சீலையால் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மகாதேவி பக்கத்தில் போய் இருந்து அவள் தலையைத் தன் மடியில் சாய்த்தாள். அவளுடைய கண்ணிலும் அப்போதுதான் தண்ணீர் வந்தது. நாகேஸ்வரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. கிழவர் விறாந்தையில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு இருந்தார், எழும்பிப் போகவில்லை.

"அழுது முடிஞ்சுதெண்டால் சொல்லுங்கோவனம்மா," என்றது பிள்ளை.

கமலாவதி மூக்கைத் துடைத்தாள். தொண்டையைச் செருமினாள். பிள்ளையின் கையை முதன்முதலாய்த் தானாகப் பிடித்தாள்.

"ஒரு ஊரிலை…" என்றாள். குரல் உடைந்து நின்றுவிட்டது.

"ம்," என்றாள் மகாதேவி.